தன்னறிவும் தொழிலறிவும்: ‘என் சரித்திர’த்தில் வாழ்க்கைப்பணி உருவாகும் முறை

ஆய்வுச் சுருக்கம்

தன்னை அறிந்தவரே தமக்குரிய பணியைக் கண்டடைவர் என்பது 20ஆம் நூற்றாண்டுத் தொழில்வழிகாட்டல் கோட்பாடுகள் பலவற்றின் அடிப்படை நம்பிக்கை. உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறாகிய ‘என் சரித்திரம்’ இந்நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்தாளப்பெறுகிறது. அந்நூலின் இளமைக்காலப் பகுதி தொடங்கிச் சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்த 1887 வரையிலான பகுதியை இக்கட்டுரை வாசிக்கிறது. விருப்பத்தை அறிவதும் பணியை அறிவதும் வெவ்வேறானவை. முன்னது சாமிநாதையருக்கு இளமையிலேயே வாய்த்தது, பின்னது பணியில் இறங்கிய பிறகே வாய்த்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: தன்வரலாறு, தன்னறிவு, தொழில் தேர்வு, பதிப்புப்பணி, ஆதரவுமுறை, உ.வே.சாமிநாதையர்

முன்னுரை

1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பார் தொழில்வழிகாட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அவர் எழுதிவைத்த நூல் 1909இல் வெளிவந்தது. தொழிலைத் தேர்வதற்கு மூன்று வேண்டும் என்பது அந்நூலின் நிலைப்பாடு. தன் இயல்பு, ஆற்றல், விருப்பம், குறை ஆகியவற்றைப் பற்றிய தெளிவு முதலாவது. பல்வேறு தொழில்களின் தேவைகளையும் பயன்களையும் பற்றிய அறிவு இரண்டாவது. இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்கும் முறையான சிந்தனை மூன்றாவது. இன்று நம் கல்லூரிகளில் நிகழும் பணிவாய்ப்புப் பயிலரங்குகளில் உரையாற்றுவோர் பலர் பார்சன்ஸின் பெயரைக் கேள்விப்பட்டிராமலேயே அவருடைய வாய்பாட்டைச் சொல்லிவருகின்றனர். முதலில் உன்னை அறிந்துகொள், பிறகு தொழிலைத் தேர்ந்துகொள் என்பதே அவ்வாய்பாட்டின் சுருக்கம்.

தமிழ் முதுகலை மாணவர்முன் இத்தகைய உரை நிகழும்போது சாமிநாதையர் எடுத்துக்காட்டாக வருவது இயல்பு. தந்தை இசையை விரும்பினார். மகனோ தமிழை விரும்பினார். தம் உள்ளத்தின் குரலைக் கேட்டதால் தமிழ்த் தாத்தா ஆனார் என்று கதை சுருக்கப்படுகிறது. இச்சுருக்கத்தில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் இடையிலுள்ள பல ஆண்டுகளை அது விழுங்கிவிடுகிறது. ‘என் சரித்திரம்’ 122 அத்தியாயங்கள் கொண்ட பெருநூல். அதன் பாதிக்கும் மேற்பட்ட பகுதி, தாம் எதற்காகப் படிக்கிறோம் என்பதை அறியாமல் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் கதை. இப்பகுதியைத் தன்னூக்க நூலாக வாசிப்பது, தமிழ் படித்துவிட்டுப் பணி தேடும் இன்றைய மாணவருக்கும் நலம் செய்யாது. ‘எனக்கு அத்தகைய தெளிவு இல்லையே’ என்ற குற்றவுணர்வையே அது அவருக்குத் தரும். அத்தெளிவு சாமிநாதையருக்கே 25 வயதுவரை இருந்ததா என்பதுதான் இங்கு எழுப்பவேண்டிய வினா.

விருப்பம் தெரிந்திருந்தது

விருப்பத்தைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லை. உத்தமதானபுரத்து வேங்கடசுப்பையர் இசைவாணர். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மகனும் இசையில் வளரவேண்டும் என்பது அவர் விருப்பம். அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ்ச் சுவையைக் கண்ட பிறகு சிறுவரின் மனம் வேறெதிலும் நிலைகொள்ளவில்லை. ஆங்கிலம் படித்தால் இவ்வுலக வாழ்வுக்கு ஆகும், வடமொழி படித்தால் மறுவுலகுக்கு ஆகும், தமிழ் படிப்பதால் எதற்கும் ஆகாது என்று சுற்றத்தார் கருதிய காலம் அது. அக்கருத்துகளை நூலாசிரியர் கசப்பின்றிப் பதிவு செய்கிறார். ஆங்கிலம் படித்தால் கிடைக்கும் உத்தியோகமும் பிறர் எடுத்துக்காட்டிய பயன்களும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. அவற்றின்பால் மனம் செல்லவில்லை, அவ்வளவே. கணக்கிட்டுத் தேர்ந்தவராக அவர் தம்மை எங்கும் காட்டிக்கொள்ளவில்லை.

குன்னம், கார்குடி, செங்கணம் என ஆசிரியர் கிடைக்குமிடந்தோறும் குடும்பமே இடம்பெயர்ந்தது. செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை கேட்டபோது அவர் விருப்பம் ஓர் ஒழுங்கைப் பெற்றது எனலாம். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார்.

இங்கு இரண்டு நிகழ்ச்சிகள் தன்னறிவு பற்றிய வாதத்திற்கு முதன்மையானவை. ஒன்று பெயர் மாற்றம். வேங்கடராமன் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். வீட்டில் அழைத்தது சாமா. வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்க, வீட்டுப் பெயரின் முழு வடிவமாகச் சாமிநாதன் என்பது நிலைபெற்றது. தமிழுலகம் அறிந்த அப்பெயர் ஆசிரியர் முன்னிலையில் பிறந்தது. தாம் யார் என்பதன் முதல் அடையாளத்தையே மற்றொருவர் வழியாகப் பெற்ற ஒருவரைத் தன்னுள் நோக்கித் தன்னைக் கண்டவர் என்று சொல்வது எளிதன்று.

மற்றொன்று இசையைத் துறந்தது. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்துவந்தார். தந்தையின் விருப்பப்படி அவரிடம் சாமிநாதையர் சிலகாலம் இசை பயின்றார். இசைப் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் கருத்துச் செல்லாது என்பது பிள்ளையவர்களின் எண்ணம் என்று தெரிந்ததும் அப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். குடும்ப மரபு, பயிற்சி, செவிநுட்பம், அருகிலேயே சிறந்த ஆசான் ஆகிய எல்லாம் இசையின் பக்கம் இருந்தன. இன்றைய ஆளுமைச் சோதனைத் தாள் ஒன்றை அவ்விளைஞரிடம் கொடுத்திருந்தால் இசையையே அது பரிந்துரைத்திருக்கக்கூடும். அவர் இசையைக் கைவிட்டது வெறுப்பால் அன்று. ஆசிரியர்மீது கொண்ட அன்பால். கைவிட்ட நாட்டமும் அழிந்துவிடவில்லை. முதிர்ந்த காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகியோர் வரலாறுகளை எழுதியவர் அவரே. தொழிலாகாத நாட்டம் உரைநடையாகத் திரும்பிவந்தது. பொருத்தம் பார்க்கும் கோட்பாடுகள் இத்தகைய திரும்புதலுக்கு இடம் வைப்பதில்லை.

ஆசிரியரின் தொழில்

தன்னறிவு மட்டும் போதுமானால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கை வேறுவிதமாக அமைந்திருக்கவேண்டும். தம் ஆற்றலை அவரைவிட நன்கு அறிந்தவர் அக்காலத்தில் இருந்திருக்க இயலாது. அவர் செய்யுளைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிவருவர். பாடுவதும் பாடஞ்சொல்வதும் அவர் மூச்சாக இருந்தன. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட ‘மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திர’த்தையும் தன்வரலாற்றையும் சேர்த்து வாசித்தால், அவ்வாற்றல் சென்று சேர்ந்த வாய்க்கால் எவ்வளவு குறுகியது என்பது புலனாகும். ஊரார் வேண்டத் தலபுராணம், செல்வர் வேண்டப் பிள்ளைத்தமிழ், மடத்தின் பொருட்டு அந்தாதி, கலம்பகம். இவற்றுக்கு அவ்வப்போது கிடைக்கும் சம்மானம் வாழ்வுக்குப் போதவில்லை. பலருக்கு உணவளித்துப் பாடஞ்சொன்னவர் கடனோடு வாழ்ந்து 1876இல் மறைந்தார்.

அவருக்கு விருப்பமும் ஆற்றலும் குறையவில்லை. குறைந்தவை ஆதரவாளரின் எண்ணிக்கையும் அவர்தம் செல்வமும். சமஸ்தானங்களும் மிராசுகளும் புலவரைத் தாங்கிய முறை தளர்ந்துவந்த காலம் அது. புலமை என்னும் தொழில் கண்ணெதிரே சுருங்கிவந்ததை மாணவர் அருகிருந்து கண்டார். அதனை அவர் ஒரு பொருளியல் மாற்றமாக எழுதவில்லை. ஆசிரியரின் துயரமாகவே எழுதினார். நாம் அதனைப் பொருளியல் மாற்றமாகவும் வாசிக்கலாம். சாமிநாதையருமே திருமணக் கடனைத் தீர்ப்பதற்காகப் புராணம் படித்துப் பொருள்சொல்லும் பணியைச் சிலகாலம் மேற்கொண்டவர். அதில் அவர் நன்றாகவே விளங்கினார், ஊரார் மதித்தனர். அதுவே நீடித்திருந்தால் சோழநாட்டுப் புராணப் பிரசங்கியார் ஒருவராக அவர் நிறைவோடு வாழ்ந்திருக்கக்கூடும்.

ஆசிரியர் மறைந்த பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்து மடத்திலேயே இருத்திக்கொண்டார். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு உடன்மாணாக்கரைக் கொண்டுவர முயன்று வெற்றி கண்டார். மாதச் சம்பளம் 50 ரூபாய். மடத்தைவிட்டு அனுப்பத் தேசிகருக்கு முதலில் மனமில்லை. இவ்வேலையையும் சாமிநாதையர் தேடிச் செல்லவில்லை என்பது குறிக்கத்தக்கது. செட்டியார் தேடினார், தேசிகர் இசைந்தார், இவர் சென்றார்.

‘என்ன பிரயோசனம்?’

1880 அக்டோபர் 21 அன்று சாமிநாதையர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். முதலியார் அப்போது கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப். தமிழிலக்கிய வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட சந்திப்பு இது. இங்கு நம் கவனத்திற்குரியது அதன் எடுத்துரைப்பு முறை.

என்ன படித்திருக்கிறீர் என்று கேட்கிறார் முதலியார். இளம் பேராசிரியர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, கலம்பகம், புராணம் ஆகியவற்றை அடுக்குகிறார். பட்டியல் நீளுகிறது, கேட்பவர் முகத்தில் அசைவில்லை. கம்பராமாயணம் போன்ற பெருநூல்களைச் சொல்லியும் எதிர்பார்த்த வியப்பு எழவில்லை. இறுதியில் இவற்றால் என்ன பயன் என்னும் பொருள்பட முதலியார் கேட்டதே அத்தியாயத்துக்குத் தலைப்பாகவும் அமைந்தது. பின்னர் சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்ற வினா எழுகிறது. படித்ததில்லை. எழுதுபவர் 80 வயதைக் கடந்தவர். எழுதப்படுபவர் 25 வயதினர். முதியவர் இளைஞரின் பெருமிதத்தை மறைக்கவில்லை. நூற்பெயர்களின் நீண்ட வரிசையை முழுமையாகத் தந்து, அதன் கனத்தாலேயே அது சரிவதை நமக்குக் காட்டுகிறார். நகைச்சுவையும் நாணமும் கலந்த இப்பகுதி அந்நூலின் மிகச் சிறந்த பக்கங்களுள் ஒன்று என்பது என் மதிப்பீடு.

இங்கு நிகழ்ந்தது என்ன? தொழில்வழிகாட்டலின் மொழியில் கூறினால், தம் ஆற்றல்களைச் சரியாகவே பட்டியலிட்ட ஒருவரிடம் அப்பட்டியலே கேள்விக்குள்ளாக்கப்பட்டது. சாமிநாதையரின் தன்மதிப்பீட்டில் பிழை இல்லை. அந்நூல்களை அவர் உண்மையாகவே கற்றிருந்தார். அவர் கற்ற உலகத்துக்கு வெளியே மற்றொரு தமிழ் இருந்தது. அதனை அளக்கும் கோல் அவரிடம் இல்லை. தன்னை எவ்வளவு ஆழ்ந்து நோக்கினாலும் இக்குறை உள்ளிருந்து தென்பட்டிருக்காது. வெளியிலிருந்து, அதுவும் தமிழ்ப் புலவர் அல்லாத ஒரு நீதித்துறை அலுவலரிடமிருந்து அது வரவேண்டியிருந்தது.

2003இல் ஹெர்மினியா இபாரா வெளியிட்ட நூல், நடுவயதில் தொழில் மாறியவர்களை ஆராய்ந்து, மனிதர் முதலில் தம்மை அறிந்து பின் செயலில் இறங்குவதில்லை, செயலில் இறங்கியே தம்மை அறிகின்றனர் என்று வாதிட்டது. 1999இல் மிட்செல், லெவின், கிரம்போல்ட்ஸ் ஆகிய மூவரும் தற்செயல் நிகழ்வுகளைத் தொழில்வாழ்வின் இடையூறாகக் கருதாமல் அதன் இயல்பான பகுதியாகக் கொள்ளவேண்டும் என்றனர். இவ்விரு கருத்துகளும் கும்பகோணச் சந்திப்புக்குப் பார்சன்ஸைவிட நெருக்கமானவை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கிரம்போல்ட்ஸ் குழுவினரின் நோக்கில் தற்செயல் பெரும்பாலும் வாய்ப்பாக வருகிறது. சாமிநாதையருக்கு அது அவமதிப்பை ஒத்த ஒன்றாக வந்தது. அவர் முகம் சுளித்துத் திரும்பியிருக்கலாம். கல்லூரிப் பதவியும் மகாவித்துவானின் மாணவர் என்ற பெயரும் அதற்குப் போதுமான காப்பாக இருந்தன. அவர் மறுபடியும் முதலியார் வீட்டுக்குச் சென்றார். அவர் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைக் கையில் வாங்கினார். தன்னறிவு என்ற சொல்லை இக்கதையில் எங்கேனும் பயன்படுத்தலாம் எனில் இங்கேதான் பயன்படுத்த இயலும். தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ளும் அறிவு அது. ஆளுமைச் சோதனைகள் அளக்கும் அறிவு வேறு.

செய்து அறிதல்

பிரதி கைக்கு வந்த பிறகும் பதிப்பாசிரியர் பிறந்துவிடவில்லை. 3,145 செய்யுள் கொண்ட காப்பியம். நச்சினார்க்கினியர் உரையோடு கூடியது. முதலியாருக்குப் பாடஞ்சொல்ல வேண்டும் என்ற தேவையால்தான் வாசிப்புத் தொடங்கியது. பாடஞ்சொல்பவருக்கே பல இடங்கள் விளங்கவில்லை. சமணக் கொள்கைகள் புதியவை. கும்பகோணத்திலேயே சமணர் வாழ்ந்தனர் என்பதும், சிந்தாமணியை அவர்கள் சமய நூலாகப் போற்றிப் படித்துவருகின்றனர் என்பதும் அதன்பின்னரே தெரியவருகின்றன. சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். சைவ மடத்தில் வளர்ந்த ஒருவர் சமணர் வீட்டில் மாணவராக அமர்ந்த இக்காட்சி, அவர் முன்பு பெற்ற ஆசிரியர் எவரும் எதிர்பார்த்திருக்க முடியாத ஒன்று. சைவர் சிலர் முகம் சுளித்ததையும் நூல் மறைக்கவில்லை.

நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளாக வந்த அடிகள் எந்நூலைச் சார்ந்தவை என்று தேடியபோது அடுத்த கதவு திறந்தது. திருவாவடுதுறை மடத்து ஏட்டுக்கட்டுகளிலேயே சங்க நூல்கள் கிடந்தன. தாம் ஆண்டுக்கணக்கில் உண்டு உறங்கிப் படித்த இடத்தில், அருகிலிருந்த அலமாரியில் அவை இருந்தன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். தேடவேண்டும் என்று தெரியாத வரையில் அவை வெறும் ஓலைகள். இம்முறையில் பாடவேறுபாடு குறித்தல், மேற்கோள் அகராதி தொகுத்தல், ஊர்ஊராகச் சுவடி தேடுதல், அச்சுப் படி திருத்தல் என்ற திறன்கள் ஒவ்வொன்றும் தேவை எழுந்தபோது உருவாயின. 1880இல் ‘பதிப்பாசிரியர்’ என்று சொல்லித் தேர்வதற்கு அத்தகைய தொழில் தமிழில் நிலைபெற்றிருக்கவும் இல்லை. ஆறுமுக நாவலரும் சி.வை.தாமோதரம் பிள்ளையும் முன்னோடிகளாக இருந்தனர். ஆயினும் அது சம்பளமும் பயிற்சியும் உள்ள துறை அன்று. இன்னும் பெயர் பெறாத உழைப்பு.

தாமோதரம் பிள்ளையே சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்க விரும்பிப் பிரதிகளைக் கேட்டார் என்பது இவ்வளர்ச்சியின் அளவுகோல். முன்னரே பதிப்புத்துறையில் பெயர் பெற்றவர், அறிஞர், வயதில் மூத்தவர். கொடுத்துவிட்டிருந்தால் உழைப்பும் கடனும் மிச்சமாகியிருக்கும். சாமிநாதையர் இசையவில்லை. இசையைத் துறக்கச் சொல்லாமலே துறந்த அதே மனிதர் இங்கு மூத்தவர் ஒருவர் நேரில் கேட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில்தான் அவர் தம் பணியை அறிந்துகொண்டார் எனக் கொள்வது பொருந்தும். நூலில் ‘இதுவே என் வாழ்க்கைப்பணி’ என்று அறிவிக்கும் தனித் தருணம் எதுவும் இல்லை. அந்த மறுப்பே அறிவிப்பு. கையொப்பக்காரர் தந்த பொருளையும் நண்பர் உதவியையும் கொண்டு 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என அதன்பின் வேகம் கூடியது.

டொனால்டு சூப்பர் 1950களில் முன்வைத்த கருத்து ஈண்டு ஓரளவு துணைசெய்கிறது. தொழில் தேர்வு ஒரு நாளில் நிகழ்வதன்று, தன்னைப் பற்றிய கருத்துருவம் வாழ்நாள் முழுவதும் வளர்ந்து தொழிலில் வெளிப்படுகிறது என்றார் அவர். வளர்ச்சி என்பது சரி. வெளிப்பாடு என்ற சொல்லில்தான் சிக்கல். உள்ளே முன்னரே இருந்த ஒன்று வெளியே வருவதாக அச்சொல் தோற்றம் தருகிறது. சிந்தாமணிக்கு முற்பட்ட சாமிநாதையருக்குள் பதிப்பாசிரியர் ஒருவர் ஒளிந்திருந்தார் என்பதற்கு நூலில் அகச்சான்று கிடைக்கவில்லை. ஏட்டைப் பிழையின்றி எழுதும் கையும், கேட்டதை மறவாத நினைவும், ஆசிரியரிடம் பெற்ற யாப்பறிவும் இருந்தன. அவை தலபுராணம் பாடுவதற்கும் போதுமானவையே.

பின்னோக்கி எழுதும் கை

இவ்விடத்தில் ஒரு தடையை எதிர்கொள்ளவேண்டும். நாம் சான்றாகக் கொள்ளும் நூலே முதுமையில் எழுதப்பட்டது. ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942இல் ஆசிரியர் மறையும்வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலாயிற்று. மகாமகோபாத்தியாயப் பட்டமும் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்று, தமிழுலகமே போற்றும் நிலையில் இருந்து ஒருவர் பின்னோக்கிப் பார்க்கிறார். எல்லா வழிகளும் இங்கே வந்து சேரவே அமைந்தன என்று தோன்றுவது அந்நிலையில் இயல்பு. வார இதழின் தேவையும் உண்டு; அத்தியாயந்தோறும் ஒரு திருப்பம் வேண்டும். கும்பகோணச் சந்திப்பு வாழ்வில் நிகழ்ந்த அளவைவிட ஏட்டில் கூர்மை பெற்றிருக்கக்கூடும்.

ஆயினும் நூலின் பண்பு இத்தடையை ஓரளவு தணிக்கிறது. பின்னோக்கி ஒழுங்குபடுத்த விரும்புபவர் பயனற்றவை என்று பின்னர் அறிந்தவற்றைச் சுருக்கியிருப்பார். சாமிநாதையர் அவற்றையே விரிக்கிறார். பெயர் மறந்துபோன ஊர்கள், உணவு, ஒற்றையடிப் பாதைகள், அரைகுறையாய் நின்ற பாடங்கள், பின்னாளில் எதற்கும் உதவாத அந்தாதிகள் எல்லாம் அன்போடு பக்கம் பக்கமாக வருகின்றன. திருவருள் என்ற விளக்கத்தை அவர் பல இடங்களில் தருகிறார் என்றாலும் அவ்விளக்கம் விவரங்களை விழுங்கிவிடவில்லை. தலபுராண உலகத்தின் தேவையின்மையை முதலியார் சுட்டிய பிறகும், அவ்வுலகத்தை இகழ்ந்து ஒரு சொல்லும் அவர் எழுதவில்லை. நூலின் கதை 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்றதை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. வெற்றியாளராக அவர் வாழ்ந்த நீண்ட பிற்பகுதி அவர் கையால் எழுதப்படவே இல்லை. தொழில் வெற்றிக்கதையாக இந்நூலை வாசிப்போர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

துணையின் வலிமை

திருக்குறளில் தெரிந்து வினையாடல் அதிகாரம் வினைக்கு உரியவரைத் தேர்வதைப் பேசுகிறது. ஆனால் அங்கு ஆராய்பவன் வினையை ஒப்படைப்பவன். ஒப்படைக்கப்படுபவன் தன்னையே ஆராய்வதாக அதிகாரம் அமையவில்லை. வலியறிதல் அதிகாரம் தன் வலிமையை அறியச் சொல்கிறது. அங்கும் வினை, தான், எதிரி, துணை என்னும் நான்கனுள் தான் ஒன்றே. அரசியலுக்குச் சொன்னதை வேலைவாய்ப்புக்குப் பொருத்துவதில் மிகை நேரும் இடர் உண்டு. பயிலரங்குகளில் அம்மிகை அடிக்கடி நிகழ்கிறது. எனினும் தன்னறிவை நான்கில் ஒன்றாக வைத்த அந்த அளவுணர்ச்சி பார்சன்ஸிடம் இல்லை என்பதைச் சொல்லியாகவேண்டும்.

சாமிநாதையர்க்கு வாய்த்த துணையின் அளவு சிறிதன்று. மகனுக்காக ஊர் மாறிய தந்தை. கல்விக்குக் கட்டணம் கேளாத ஆசிரியர்கள். உணவும் இருப்பிடமும் தந்த மடம். தம் நாற்காலியைத் தேடிக்கொடுத்த உடன்மாணாக்கர். மாதந்தோறும் வந்த கல்லூரிச் சம்பளம். விடுமுறைகளில் சுவடி தேடச் செல்ல இயன்ற ஓய்வு. சுவடி வைத்திருந்தோர் பலரும் அவரை வீட்டுக்குள் அழைத்து ஏட்டுக்கட்டை அவிழ்த்துக் காட்டியதற்கு அவருடைய சாதியும் மடத்துத் தொடர்பும் கல்லூரிப் பதவியும் துணைசெய்தன. அதே விருப்பமும் அதே நினைவாற்றலும் கொண்ட, ஆனால் திண்ணையைத் தாண்ட அனுமதிக்கப்படாத ஒருவரைக் கற்பனை செய்துபார்த்தால் இதன் கனம் விளங்கும். வீட்டுப் பெண்டிர் இந்நூலில் மிகக் குறைவாகவே வருகின்றனர். விருந்தினரும் மாணவரும் இடைவிடாது வந்துபோன வீட்டில் அவர்தம் உழைப்பு எவ்வளவு என்பதை வாசகர் உய்த்துணரவேண்டியிருக்கிறது. மடத்தில் சோறு கிடைத்ததை விரித்து எழுதியவர், வீட்டில் சமைத்த கையை விரித்து எழுதவில்லை.

இன்று தமிழில் முனைவர் பட்டம் முடித்தவர் ஒருவரிடம் ‘உன்னை அறி’ என்று சொல்லும் வழிகாட்டல் இத்துணைகளைப் பற்றி வாய்திறப்பதில்லை. தகுதித்தேர்வு எழுதி, மணிக்கணக்கு ஊதியத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பணியில் இருப்பவர் தம்மைச் சரியாக அறியாததால் அங்கு நிற்கவில்லை. அவருக்குத் தம் விருப்பம் நன்றாகவே தெரியும். அவரைத் தேடிவரும் செட்டியாரும், 50 ரூபாய்க்கு ஈடான நிலைத்த சம்பளமும்தான் இல்லை. தமிழ்த்துறைகளின் வழிகாட்டல் வகுப்புகளில் ‘என் சரித்திர’த்தை வைக்கவேண்டும் என்றே நானும் கருதுகிறேன், ஆனால் 1880க்கு முற்பட்ட அத்தியாயங்களைக் குறைக்காமல் வைக்கவேண்டும்.

இறுதியாக இராமசுவாமி முதலியாரைப் பற்றி ஒன்று. தமிழ்ப் பழநூல்கள்மீது அவருக்கிருந்த பற்று சாமிநாதையரின் பற்றுக்குக் குறைந்ததன்று. பழங்காப்பியங்களின் அருமையை அவர் முன்னரே அறிந்திருந்தார். விருப்பத்தை அறிந்தவர் அதற்குரிய தொழிலைத் தேர்வர் என்றால் அவர் நீதிமன்றத்தை விட்டிருக்கவேண்டும். அவர் விடவில்லை. பகலில் வழக்குக் கேட்டு, ஓய்வு நேரத்தில் சிந்தாமணி பாடங்கேட்டார். 1980இல் சூப்பர் தம் கோட்பாட்டை விரித்து, ஒருவரது வாழ்வில் தொழில் ஒரு பாத்திரமே, மாணவர், குடிமகன், குடும்பத்தார் எனப் பல பாத்திரங்கள் ஒரே காலத்தில் இயங்குகின்றன என்றார். முதலியாரின் வாழ்வில் மாணவர் என்னும் அப்பாத்திரம் முன்சீப் பதவியோடு இணைந்தே இயங்கியது. தமிழுக்கு அவர் செய்த பெரும்பணிக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. அது தாம் கேட்ட ஒரு கேள்வியாலும் தம்மிடமிருந்த ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்ததாலும் நடந்தது. தொழில்வாழ்வை ஆராய்வோர் சாமிநாதையரைப் போலவே அவரையும் ஒரு வகைமாதிரியாகக் கொண்டு எழுதவேண்டியிருக்கிறது.